நிற்கும் மகிழுந்தும் களைக்கும் பேட்டரியும்: ஒரு வரலாற்றுப் பார்வை



நீண்ட பள்ளி விடுமுறை முடிந்து திரும்பும் போதெல்லாம் ஆசிரியர் அறையில் ஒரு புலம்பல் கேட்கும். "காரை எடுக்கவே இல்லை. பேட்டரியும் புதியதுதான். ஆனாலும் செத்துக் கிடக்கிறது!" ஓடாத வண்டிக்குத் தேய்மானம் ஏது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மற்ற உறுப்புகளுக்கு அஃது ஓரளவு பொருந்தலாம், பேட்டரிக்குப் பொருந்தாது. அன்றாடம் உழைக்கும் பேட்டரியைவிட, சும்மா நிற்கும் பேட்டரியே விரைவில் நலிவடைகிறது. பணி ஓய்வு பெற்ற பெற்றோரின் வீட்டில், "அவசரத்திற்கு இருக்கட்டும்" என்று நிறுத்தி வைத்த காரைச் சற்று நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் நெஞ்சுவலி என்று ஒருவரை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பும்போது 'டிக், டிக்' என்ற ஓசை மட்டுமே வந்தால், அந்தக் கார் எந்த அவசரத்திற்காகக் காத்திருந்ததோ அந்த அவசரத்திற்கே உதவாமல் போய்விடுகிறது.

இதற்குத் தீர்வாகப் 'பேட்டரி மெயின்டெய்னர்' என்னும் பராமரிப்புக் கருவி கடைகளில் கிடைக்கிறது. சுவர்ப் பிளக்கில் செருகி, பேட்டரியோடு இணைத்து, மாதக்கணக்கில் அப்படியே விட்டு வைக்கலாம். எதை வாங்குவது என்று பெற்றோர் சிலர் கேட்டனர். கடைக்குப் போனால், "இது எவ்வளவு ஆம்பியர் கொடுக்கும்?" என்பதைத்தான் நாம் முதலில் கேட்கிறோம். ஆனால், இக்கருவி பிறந்து வளர்ந்த கதையை அறிந்தவர்கள், "இதற்கு நிறுத்தத் தெரியுமா?" என்பதையே முதலில் கேட்பார்கள். அந்தக் கதையைத்தான் இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

ஈயத் தகடுகளில் தொடங்கிய கதை

இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா 1800ஆம் ஆண்டில் தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தார். வோல்ட் என்னும் அலகு அவர் பெயரால் வந்ததை நம் மாணவர்களும் அறிவர். ஆனால், அவருடைய மின்னடுக்கு ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். தீர்ந்ததை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் நடைமுறைக்கு உகந்த மின்கலனை 1859இல் உருவாக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே. இரண்டு ஈயத் தகடுகளுக்கு இடையில் ரப்பர் பட்டைகளை வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அவ்வளவுதான்! இன்று நம் கார்களில் இருக்கும் ஈய அமில பேட்டரியின் மூதாதை அதுவே.

இக்கண்டுபிடிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நாளில் நல்ல மின்னாக்கிகள் இல்லை. ஆகவே, பிளாண்டே தம் மின்கலனை நிரப்புவதற்கு வேறு மின்கலன்களையே நாட வேண்டியிருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த செனோப் கிராம் 1871இல் தம் மின்னாக்கியைக் காட்சிப்படுத்திய பிறகே மின்னேற்றுவது எளிதாகத் தொடங்கியது. 1881இல் கமில் ஃபோர் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர், ஈய ஆக்சைடைப் பசைபோல் தகடுகளில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதனால் பேட்டரியின் கொள்ளளவு பெருகியது. தொழிற்சாலைகளிலும் செய்ய முடிந்தது.

உள்ளே என்னதான் நடக்கிறது? பேட்டரி மின்சாரத்தைக் கொடுக்கும்போது இருபுறத் தகடுகளிலும் ஈய சல்பேட்டு என்னும் வெண்ணிறப் பொருள் படிகிறது. மின்னேற்றும்போது அது கரைந்து, தகடுகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இந்த இரட்டைச் சல்பேட்டுக் கோட்பாட்டை 1882இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்னும் இரு வேதியியலாளர்கள் விளக்கினர். நம் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. படிந்த சல்பேட்டு உடனுக்குடன் கரைந்துவிட்டால் தொல்லையில்லை. அதைப் பல வாரங்கள் அப்படியே விட்டுவிட்டால், நுண்ணிய படிகங்கள் ஒன்று சேர்ந்து பெரியனவாக இறுகிவிடுகின்றன. பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் அவை முழுமையாகக் கரைவதில்லை. பாத்திரத்தை உடனே கழுவாமல் ஒரு வாரம் போட்டு வைத்தால் என்ன ஆகுமோ, ஏறத்தாழ அதே கதைதான்.

சுழற்றும் கைப்பிடியும் சாவியும்

தொடக்கக் காலக் கார்களைக் கிளப்ப, முன்புறம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுழற்ற வேண்டும். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங்கும் அவருடைய டெல்கோ நிறுவனத்தாரும் உருவாக்கிய மின் தொடக்கி, 1912ஆம் ஆண்டுக் காடில்லாக் காரில் இடம்பெற்றது. அன்று முதல் எல்லா வயதினரும் பிறர் துணையின்றிக் காரைக் கிளப்ப முடிந்தது. அதற்கு ஈடாகக் காரின் உயிர்நாடி பேட்டரியின் கைக்குப் போனது. பேட்டரி இல்லையேல் கார் இல்லை என்ற நிலை பிறந்தது.

காரில் பேட்டரியை வைத்தால் அதை நிரப்பவும் வேண்டுமே! இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் மின்னாக்கி அவ்வேலையைச் செய்தது. 1920களில் பெருவாரியாக இருந்தது 'மூன்றாம் தூரிகை' வகை மின்னாக்கி. பேட்டரி பசியோடு இருக்கிறதா, நிறைந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. நிறைந்த பேட்டரிக்கும் அது தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருந்தது. பகலில் நெடுந்தூரம் ஓட்டினால் பேட்டரி கொதித்து, நீர் ஆவியாகி, தகடுகள் கெட்டன. மிகுதி மின்சாரத்தைச் செலவழிப்பதற்காகவே பகலிலும் முன்விளக்கை எரிய விடும்படி ஓட்டுநர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது! 1930களில் மின்னழுத்தத்தைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் கருவி பரவிய பிறகே இத்தொல்லை குறைந்தது.

வீடுகளிலும் இதே கதைதான். அக்கால வானொலிப் பெட்டிகள் பேட்டரியில் இயங்கின. அவற்றுக்கும் கார் பேட்டரிகளுக்கும் மின்னேற்ற, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 'டங்கார்' குமிழ் பயன்பட்டது. டங்ஸ்டன், ஆர்கான் என்னும் இரு பெயர்களின் சேர்க்கையே டங்கார். சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை இடைவிடாமல் செலுத்தும் 'டிரிக்கிள் சார்ஜர்' இவ்வழியில் வந்ததுதான். சொட்டு சிறிதென்றாலும் நிற்காத சொட்டு கேடு செய்யும். நிறைந்த குடத்தில் ஊற்றினால் நீர் வழிந்து ஓடும். நிறைந்த பேட்டரியில் ஊற்றினாலோ உள்ளிருக்கும் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக வெளியேறும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

தொலைபேசி நிலையம் கற்றுத் தந்த பாடம்

நிறைந்த நிலையில், வேலையின்றி, ஆனால் எந்நேரமும் ஆயத்தமாக ஒரு பேட்டரியை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் செய்வது எப்படி? இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் காரோட்டிகள் அல்லர்; தொலைபேசி நிலையங்களை நடத்திய பொறியாளர்கள். மின்தடை ஏற்பட்டாலும் தொலைபேசி பேச வேண்டும். அதற்காக 48 வோல்ட் பேட்டரி வரிசைகளை நிலையங்களில் வைத்திருந்தனர். அவற்றின் நிலைக்கும், எப்போதோ ஒருநாள் வரப்போகும் அவசரத்திற்காக நம் வீட்டு முற்றத்தில் காத்திருக்கும் காரின் நிலைக்கும் வேறுபாடு இல்லை.

அப்பொறியாளர்கள் மின்னோட்டத்தை அளவிட்டுக் கொடுப்பதை விடுத்து, மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்து வைத்தனர். ஓர் அறைக்கு ஏறக்குறைய 2.2 வோல்ட் என்ற அளவில் நிறுத்தினால், பேட்டரி தானே இழந்த சிறிதளவை மட்டும் தானே உறிஞ்சிக்கொள்ளும். நிறைந்ததும் உறிஞ்சுவது ஏறத்தாழ நின்றுவிடும். ஊட்டிவிடுவதற்கும், தட்டில் வைத்துவிட்டுப் பசிக்கேற்ப உண்ணச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது. இதனை மிதவை மின்னேற்றம் என்பர். இன்றைய பராமரிப்புக் கருவிகள் செய்வதும் இதையே.

தகடுகளிலும் ஒரு மாற்றம் வந்தது. மென்மையான ஈயத்தை உறுதிப்படுத்த ஆன்டிமணி என்னும் உலோகத்தைக் கலப்பது வழக்கம். ஆனால், அந்த ஆன்டிமணியே பேட்டரி தானாக இறங்குவதை விரைவுபடுத்தியது. பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சேர்ந்த ஹேரிங், தாமஸ் இருவரும் 1935இல் ஆன்டிமணிக்கு மாற்றாகக் கால்சியம் கலந்த ஈயத்தை முன்வைத்தனர். நீர் ஊற்றத் தேவையில்லாத கார் பேட்டரிகளாக 1970களில் கடைகளுக்கு வந்தவை இந்தக் கால்சிய வழியில் வந்தவையே.

மற்றொரு பக்கம், பனி நாடுகளில் மோட்டார் சைக்கிளையும் படகையும் குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் பூட்டி வைப்பது வழக்கம். அவர்களுக்காகவே வீட்டுப் பராமரிப்புக் கருவிகள் வளர்ந்தன. 1990களில் நுண்செயலிகள் மலிவானபோது, பேட்டரியின் நிலையைத் தானே அறிந்து, முதலில் நிரப்பி, பின்னர் மிதவை நிலைக்கு இறங்கும் கருவிகள் பரவின. 1997இல் ஸ்வீடனில் தொடங்கப்பட்ட சிடெக் இத்துறையில் பெயர் பெற்ற நிறுவனங்களுள் ஒன்று.

நம் மண்ணின் தொடர்பு

இங்கே நாம் மறக்கக்கூடாத ஒன்றையும் கூறிவிடுகிறேன். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கார் பேட்டரியின் பெட்டி இன்றுபோல் பிளாஸ்டிக்கால் ஆனதன்று. கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கெட்டிப்படுத்திய 'எபோனைட்' என்னும் கடின ரப்பரே அமிலத்தைத் தாங்கும் பெட்டியாக இருந்தது. அக்காலத்தில் உலக ரப்பர் உற்பத்தியில் முதலிடம் வகித்தது மலாயா. விடியற்காலை இருளில் நம் பாட்டன் பாட்டியர் சீவி எடுத்த பால், டயராக மட்டும் உலகைச் சுற்றவில்லை. எந்தப் பெட்டியில் எந்தத் தோட்டத்துப் பால் இருந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை என்றாலும், இந்த வரலாற்றில் அவர்களுடைய உழைப்புக்கும் இடமுண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

நிற்கும் கார்கள்

சிங்கப்பூரில் குறைவாக ஓடும் கார்களுக்கென்று ஒரு தனி வரலாறே உண்டு. வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990இல் நடப்புக்கு வந்தது. மறு ஆண்டே வார இறுதிக் கார் திட்டம் அறிமுகமானது. 1994இல் அது உச்சமில்லா நேரக் கார் திட்டமாக மாறியது. சிவப்பு எண் பலகை பொருத்திய அக்கார்கள், கட்டணச் சலுகைக்கு ஈடாக வேலை நாள்களின் பகற்பொழுதில் நின்றே இருந்தன.

மலேசியாவில் 18 மார்ச் 2020 அன்று மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. சிங்கப்பூரில் அதே ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை நீடித்தது. நாள்தோறும் ஓடிய கார்களும் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. நிற்கும் பேட்டரியின் இயல்பை அன்று பலரும் நேரில் கற்றனர்.

நிற்கும் காரில் மின்சாரம் எங்கே போகிறது? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருட்டு எச்சரிக்கைக் கருவி, கடிகாரம், கணினியின் நினைவகம் ஆகியவை கார் நின்றாலும் விழித்தே இருக்கும். அவை அனைத்தும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.05 × 24 = 1.2 ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி எனில், 19 நாள்களுக்குள் பாதி தீர்ந்துவிடும். நிறுத்தி வைத்த நேரத்திலும் பதிவு செய்யும் கேமரா 250 மில்லி ஆம்பியர் எடுத்தால், நாளொன்றுக்கு 6 ஆம்பியர்-மணி. அதாவது, நான்கே நாள்களில் பாதி போய்விடும். இதோடு நம் நாட்டு வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால், பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது

மேற்கண்ட வரலாறு முழுவதையும் கடையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளாகச் சுருக்கலாம்.

1. நிறுத்தத் தெரியுமா? நிரப்பும்போது 14.4 வோல்ட் வரை உயர்ந்து, நிறைந்தபின் ஏறக்குறைய 13.5 வோல்டுக்குத் தானாக இறங்க வேண்டும். பெட்டியின் மீது 'ஃப்ளோட்' அல்லது 'மெயின்டெனன்ஸ்' நிலை குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். மலிவான பழைய வகைச் சார்ஜர்களில் இது இராது. அவற்றை இரவு முழுவதும் விட்டு வைப்பது மூன்றாம் தூரிகைக் காலத்திற்குத் திரும்புவதற்கு ஒப்பாகும்.

2. வெப்பத்திற்கேற்ப மாறுமா? பனி நாட்டுக் கொட்டகைக்குப் பொருந்திய மின்னழுத்தம் நம் வெயிலுக்குச் சற்று மிகை. 25 பாகையில் 13.5 வோல்ட் எனில், 35 பாகையில் 0.2 முதல் 0.3 வோல்ட் வரை குறைய வேண்டும். வெப்பமறிந்து திருத்தும் வசதி உள்ள கருவியே நமக்கு ஏற்றது.

3. எவ்வகைப் பேட்டரிக்கு? 1957இல் ஜெர்மனியில் கூழ்வகை பேட்டரியும், 1970களில் கண்ணாடி இழை விரிப்பில் அமிலத்தை உறிஞ்சி வைக்கும் ஏஜிஎம் வகையும் வந்தன. சிக்னலில் தானாக நின்று கிளம்பும் கார்களில் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகை பேட்டரி இருக்கும். லித்தியம் வகைக்கு முற்றிலும் வேறான அமைப்புத் தேவை. உங்கள் பேட்டரியின் வகை, கருவியின் பட்டியலில் இருக்க வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்போரும் கவனிக்க: பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் துணை பேட்டரி ஒன்று உண்டு.

4. எத்தனை ஆம்பியர்? நிறைந்த பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்க 1 ஆம்பியர் கருவி போதும். பாதி தீர்ந்த 45 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்பவும் வேண்டுமெனில், 1 ஆம்பியர் கருவிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். 4 அல்லது 5 ஆம்பியர் கருவி அதை ஓர் இரவில் பெரும்பாலும் முடித்துவிடும்.

5. பாதுகாப்பானதா? முனைகளை மாற்றி இணைத்தாலும் தீப்பொறி எழாத பாதுகாப்பு வேண்டும். நம் மூன்று முனைப் பிளக்கோடு வரும் தரச்சான்று பெற்ற கருவியையே வாங்குங்கள்.

இணைக்கும் முறையும் முக்கியம். முதலில் சிவப்புக் கவ்வியை நேர்முனையிலும், பிறகு கறுப்புக் கவ்வியைப் பேட்டரியிலிருந்து சற்றுத் தள்ளிக் காரின் உலோக உடலிலும் மாட்டி, இறுதியாகவே சுவர்ச் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது இதன் தலைகீழ் வரிசை. காற்றோட்டம் இருக்க வேண்டும். சிறுவர்கள் அருகில் இருக்கக்கூடாது. உங்கள் காரின் கையேடு வேறுவகையாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிக் கொள்வோம். இது நலமாக உள்ள பேட்டரியைப் பேணும் கருவி. இறந்ததை எழுப்பும் மருந்தன்று. பல மாதம் வறண்டு, சல்பேட்டு இறுகிப்போன பேட்டரிக்கு இதை வாங்குவது வீண் செலவு. பேட்டரியை முதலில் பட்டறையில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பிளக் வசதி இல்லாதோர்

தரை வீட்டில் இருப்போருக்கு முற்றத்திலேயே மின்வசதி இருக்கும். அடுக்குமாடியில் இருப்போரும், சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார் நிறுத்தங்களைப் பயன்படுத்துவோரும் என்ன செய்வது? பொது மின்சாரத்திலிருந்து கம்பி இழுப்பது கூடாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காரை வெளியே ஓட்டி வருவதே எளிய வழி. நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இயந்திரத்தை உறும விடுவது போதாது. பேட்டரியின் இறுதிப் பகுதி நிரம்ப நீண்ட நேரம் பிடிக்கும். பல வாரங்கள் ஊரில் இல்லையெனில், எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்கலாம். விழித்திருக்கும் கருவிகளின் செலவு அதனால் நின்றுவிடும். கடிகாரம், வானொலி போன்றவற்றின் அமைப்புகள் அழியலாம். எச்சரிக்கைக் கருவியும் இயங்காது. கேமராவின் இணைப்பைத் துண்டிப்பதற்கோ செலவே இல்லை.

இறுதியாக, ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. மின்சாரப் பாடம் நடத்தும்போது, மேலே உள்ள 1.2 ஆம்பியர்-மணிக் கணக்கை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். பெருக்கலும் வகுத்தலும் வீட்டுக் காரோடு தொடர்புபடும்போது பிள்ளைகள் ஆர்வத்தோடு செய்வார்கள். பெற்றோர்கள் சிறிய வோல்ட் மானி ஒன்றை வாங்கி, கார் ஓர் இரவு நின்றபின் தாங்களே அளந்து, எண்ணைப் பிள்ளைகளிடம் எழுதச் சொல்லலாம். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12.0க்குக் கீழே என்றால் உடனே மின்னேற்றுங்கள். ஊரிலுள்ள தாத்தா பாட்டியின் காரையும் அப்படியே ஒருமுறை அளந்துவிட்டு வாருங்கள்.